முயல் கம்பித் தீர்மானம்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு உலகமெங்கும் சிலை இருக்கிறது. அது ஓடும் கம்பியைத் தெரிவு செய்தவர்களுக்கு ஒரு தபால் முத்திரைகூட வெளியிடப்படவில்லை. முல்லைத்தீவில் எங்கள் மின்சாரக் காரியாலயத்தின் ‘கடத்தித் தெரிவுக் குழு’வுக்குக் கூட்டக் குறிப்பு எழுதியவன் என்ற வகையில், இந்த அநீதியைத் துடைக்க நான் கடமைப்பட்டுள்ளேன்.

கொக்கிளாய்க் கடல்நீர்க் களப்போரத்தில் அறுபது மீனவ வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். தூண்கள் நட்டாயிற்று, கம்பிதான் பாக்கி. மின்கடத்தியைத் தெரிவு செய்வதற்கு நாங்கள் ஏழு மாதம் காலங்கடத்தினோம் என்று சிலர் கேலி பேசினார்கள். ஏழு கூட்டத்திலும் தேநீரோடு வந்த பற்றிஸ் சூடாகவே இருந்தது என்பதை அவர்கள் அறியார்.

அலுமினியக் கம்பிகளுக்கு வெள்ளைக்காரன் பிராணிகளின் பெயரை வைத்திருக்கிறான். பட்டியலில் ஈ, குளவி, முயல், நாய் எல்லாம் இருந்தன. தொழினுட்ப உத்தியோகத்தர் சிவதர்சினி, வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆனவர், எழுந்து நின்றார்.

“சேர், முயலுக்கு நடுவில உருக்கு இருக்கு. கொக்கிளாய் உப்புக்காத்துக்கு உள்ளுக்குள்ள கறள் பிடிச்சு ரெண்டு மூண்டு வருசத்தில அறுந்துபோம். குளவி முழுக்க அலுமினியம். தூண் கிட்டக்கிட்ட நிக்கிறபடியால் உருக்கின்ர பலம் தேவையில்லை, அது காணும்.”

தலைவர் தவராசா கண்ணாடியைக் கழற்றினார். தேசம் சிந்திக்கிறது என்று அதற்குப் பொருள்.

“போன மாசம்தான் பள்ளிக்கூடத்தில குளவி கொட்டி பதினேழு பிள்ளையள் ஆசுப்பத்திரிக்குப் போனதுகள். இப்ப நாங்கள் சனத்துக்குக் குளவி அனுப்பினால் பேப்பர்க்காரன் என்ன எழுதுவான்?”

“அது வெறும் பேர்தானே சேர்.”

“பேர்தான் பிள்ளை எல்லாம்.”

உறுப்பினர் நல்லதம்பி நாயை முன்மொழிந்தார். நன்றியுள்ளது என்றார். திறப்பு விழாக் கல்லில் தன் பெயருக்குக் கீழே நாய் வரக்கூடாது என்று தலைவர் மறுத்தார். ஈ சுகாதாரக் காரணங்களுக்காக நிராகரிக்கப்பட்டது.

ஏழாம் கூட்டத்துக்குக் கொக்கிளாயிலிருந்து அந்தோனிமுத்து வந்து கதவடியில் நின்றார். வலைத் தொழிலாளி.

“ஐயா, ஈயோ குளவியோ, ஐஸ்பெட்டி ஓடினால் காணும். பிடிக்கிற இறால் எல்லாம் பழுதாப் போகுது.”

‘பொதுமக்களுக்கு எப்பிராணியிலும் ஆட்சேபமில்லை’ என்று குறித்துக்கொண்டேன். சாந்தமான பிராணி என்ற அடிப்படையில் முயல் ஏகமனதாகத் தெரிவானது. சிவதர்சினிக்கு வாக்கு இல்லாதபடியால் ஏகமனது எளிதாயிற்று.

கம்பி ஏறியது; நாடா வெட்டினோம்; அந்தோனிமுத்துவின் ஐஸ்பெட்டி இரண்டு வருடம் ஓடியது. மூன்றாம் வருட மாரியில், ஒரு காலை, கம்பி அறுந்து அவருடைய ஈரவலையில் விழுந்தது. வலையை எடுக்கப்போன மனிதர் தூக்கி எறியப்பட்டு அதே வலைமேல் விழுந்தார். மனைவி சுசிலா காய்ந்த துடுப்பால் கம்பியைத் தள்ளிவிட்டுத்தான் அவரைக் காப்பாற்றினார். உயிர் தப்பியது. வலது கை கருகிப்போனது. இனி வலை இழுக்காது.

உடனடியாக விசாரணைக் குழு அமைத்தோம். விடயத்தில் அனுபவமுள்ளவர்கள் வேண்டும் என்பதால் பழைய தெரிவுக் குழுவின் ஐவரையே போட்டோம்.

அறுந்த துண்டு மேசையில் கிடந்தது. உள்ளே உருக்கு, தேயிலைத் தூள்போல் கொட்டியது. சிவதர்சினி அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது அறும் எண்டு ஆருக்காவது முன்னமே தெரியுமோ?” என்று தலைவர் கேட்டார்.

நான் பழைய குறிப்பைப் புரட்டினேன்.

“மிஸ் அண்டைக்கே சொன்னவா, சேர். வருசக்கணக்கும் சரியாச் சொல்லியிருக்கிறா.”

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவதர்சினி பக்கம் திரும்பினார்.

“அப்ப தெரிஞ்சுகொண்டுதான் விட்டிருக்கிறீர்?”

“நான் சொன்னனான்தானே சேர்.”

“அதைத்தான் நாங்களும் சொல்லுறம்.”

அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். விபத்தை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே அலுவலர் என்ற குற்றத்துக்காகச் சிவதர்சினி, கடற்காற்று எட்டாத மல்லாவிக்கு இடமாற்றப்பட்டார். ஏனைய ஐவருக்கும் இந்த விடயத்தில் எதுவுமே தெரியாது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது.