மச்சினனுக்குப் பதில் ஒரு கேமரா

படகுல தனியா போறவன் கால் வழுக்கிக் கடல்ல விழலாம், அதுல தப்பில்ல. ஆனா விழுந்ததை வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாது. நான் சொல்லித் தொலைச்சேன். அதுவும் சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னேன். என் மனைவி சிரிக்கல. கரண்டியைக் கீழ வெச்சா.

"நாளையிலேருந்து தம்பி உங்களோட வருவான்."

தம்பின்னா அவளோட தம்பி. எல்லாரும் அவனை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. காலையில பல் தேய்க்கத் திறக்கற வாயை ராத்திரி தூங்கும்போதுதான் மூடுவான். அதுவும் சந்தேகம்தான், அவன் பொண்டாட்டியைக் கேட்டா தூக்கத்துலயும் பேசறான்னு சொல்றா. மத்தபடி தங்கமான பையன். வெத்தலை, பீடின்னு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அதுதான் பிரச்னையே. வாயில எதையாவது வெச்சிருந்தா அந்த நேரமாவது சும்மா இருப்பான்.

உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்றேன், வெளியில விட்டுடாதீங்க. என்னோடது கரையோரமா வலை விடற சின்னப் படகு. வலையை விட்டாச்சுன்னா இழுக்கற வரைக்கும் ஒரு வேலையும் இல்ல. முன்பக்கப் பலகையில காலை நீட்டிப் படுத்துடுவேன். அடடா, அது தூக்கமா, சொர்க்கம்! கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்ல ஆளில்ல. நான் பேசினது காதுல விழுந்துதான்னு கேக்க ஆளில்ல. இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு தூக்கம்தான். வீட்ல என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்கன்னா, நான் கொளுத்தற வெயில்ல கண்ணு கொட்டாம வலைக்குக் காவல் இருக்கேனாம். அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

அந்தத் தூக்கத்துக்குப் பக்கத்துல ரேடியோவைக் கொண்டாந்து வெச்சா என்னத்துக்கு ஆகறது? தலையே போனாலும் விடறதில்லைன்னு முடிவு பண்ணேன். அவனுக்கு எதுக்கு வீண் சிரமம், படகுல சிம் போட்ட ஒரு கேமரா மாட்டிடலாம், நீ வீட்லேருந்தே ஃபோன்ல என்னைப் பாத்துக்கலாம், நான் விழுந்தா அடுத்த நிமிஷம் பக்கத்துப் படகுக்குச் சொல்லிடலாம்னு மனைவிகிட்டத் தேன் ஒழுகப் பேசினேன். அவ யோசிச்சா. அவ யோசிச்சாலே எனக்கு ஏதோ வரப்போகுதுன்னு அர்த்தம். ஆனா சரின்னுட்டா.

மாட்டறதுக்குப் பக்கத்து வீட்டு மெக்கானிக் வந்தார். படகு எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கற மனுஷன். பொண்ணைக் கட்டிக் குடுக்கற அப்பா மாதிரி கேமராவைக் கையில ஏந்திக்கிட்டு புத்தி சொன்னார். படகுல ஓட்டை போடக் கூடாதாம், தண்ணி ஏறுமாம். கூரைக் கம்பியில கிளாம்ப் போட்டுத்தான் பிடிக்கணும். எஞ்சின் அதிர்வுல நட்டு கழண்டுக்கும், அதனால நடுவுல ரப்பர் வைக்கணும். வலை இழுக்கற பக்கம் வெச்சா வலை மாட்டிக்கும். கிளாம்ப் கைவிட்டாலும் கேமரா கடலுக்குப் போகாம இருக்கத் தனியா ஒரு கயிறு கட்டணும். அந்தக் கயிறு எவ்வளவு கனம் தாங்கும்னு என் மனைவி கேட்டா. உங்க வீட்டுக்காரரையே தாங்கும்னார் அவர். அப்போ அவரையும் சேத்துக் கட்டிடலாமேன்னு இவ சொல்ல, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கேமராவுக்கு நடந்த உபசாரத்துல பாதி எனக்கு மாப்பிள்ளையா வந்தப்போ கூட நடக்கல.

என் மனைவி தையல்காரி. மெஷின் மேலயே ஃபோனைச் சாத்தி வெச்சுக்கிட்டா. முதல் நாள் நான் வலையை விட்டுட்டு லேசா உட்காந்தேன். ஃபோன் அடிச்சுது. ஏங்க உட்காந்துட்டீங்க, மயக்கமான்னு கேட்டா. எழுந்து நின்னேன். கொட்டாவி விட்டேன். ஃபோன் அடிச்சுது. மூச்சு வாங்குதான்னு கேட்டா. சாயங்காலம் படகை விட்டு இறங்கும்போது என் முழங்கால் ரெண்டும் என்னோட பேசறதில்லைன்னு இருந்துச்சு.

விடுவேனா நான்? மறுநாள் வலையை விட்டதும், கண்ணாடியில உப்பு படிஞ்சிருக்கு துடைக்கிறேன்னு சொல்லிக் கேமரா மேல துண்டைப் போட்டேன். மழைக் கோட்டுக்குள்ள பழைய வலையைத் திணிச்சேன். மீன் பெட்டி மேல உட்கார வெச்சேன். தலைக்கு ஒரு மிதவை, அது மேல என் தொப்பி. முதுகு மட்டும் கேமராவுக்குத் தெரியற மாதிரி திருப்பினேன். என் முதுகுல அப்படி என்ன பெரிய முகபாவம் இருந்துடப் போகுது? ஃபோனை அணைச்சேன், துண்டை எடுத்தேன், கேமரா பார்வை படாத மூலையில போய்ப் படுத்தேன். பச்சைப்புள்ள மாதிரி தூங்கினேன். வலை இழுக்கற நேரத்துக்கு எழுந்து, மறுபடியும் துண்டைப் போட்டு அந்த ஆளைக் கலைச்சேன்.

சாயங்காலம் சீட்டியடிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள நுழைஞ்சா, என் மனைவி நாற்காலியைப் போட்டுக்கிட்டுக் காத்திருக்கா. என்னை உட்கார வெச்சா. நெத்தியைத் தொட்டுப் பாத்தா.

"இன்னிக்கு வலையை விட்டதுலேருந்து இழுக்கற வரைக்கும் உங்களையே பாத்துக்கிட்டிருந்தேங்க. நீங்க அசையவே இல்ல. ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஒரு கடல்காக்கா வந்து உங்க தலையில உட்காந்துச்சு. நீங்க விரட்டக் கூட இல்ல."

"அது வந்து... கவனம். ஒரே மனசா வலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அது எச்சம் போட்டப்பவுமா?"

"ரொம்ப ஆழ்ந்த கவனம்."

"இல்லைங்க. இது ஏதோ நரம்புக் கோளாறு. இனிமே உங்களைத் தனியா விட முடியாது. தம்பிகிட்ட சொல்லிட்டேன், வந்துக்கிட்டே இருக்கான்."

என் நெலமையைப் பாருங்க. வியாதின்னு ஒத்துக்கிட்டா ரேடியோ வருவான். வியாதி இல்லைன்னு சொன்னா பொம்மையைச் சொல்லணும், பொம்மையைச் சொன்னா இத்தனை வருஷத் தூக்கமும் வெளியில வரும். மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. அவ பாட்டுக்கு மரத்துப் போயிருக்கும்னு என் காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பிச்சா. சோத்துல உப்பை நிறுத்தப் போறேன்னா. காரத்தையும் நிறுத்தப் போறேன்னா.

அதுக்குள்ள ரேடியோ பையும் கையுமா வந்துட்டான். மாமா, பயப்படாதீங்க மாமான்னு ஆரம்பிச்சான். அவன் சகலையோட சித்தப்பாவுக்கு இப்படித்தான் நரம்பு இழுத்துச்சாம். அந்த நரம்பு எங்க புறப்பட்டு எங்க போகுது, வழியில யார் யாரைப் பாக்குதுன்னு சொல்லிக்கிட்டே போனான். உச்சந்தலையில கிளம்பின நரம்பு இன்னும் கழுத்துக்கே வந்து சேரல. எனக்குப் பொறுமை போயிடுச்சு.

"அது நான் இல்லடா. பொம்மை. நான் மூலையில படுத்து நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கினேன். தினமும் தூங்கறேன். எனக்கு ஒரு வியாதியும் இல்ல, போதுமா?"

ரேடியோ பேச்சை நிறுத்திட்டான். அவன் பொறந்ததுலேருந்து அது நடந்ததில்ல. என் மனைவி மட்டும் தைலப் பாட்டிலை நிதானமா மூடினா.

"தெரியுமே. அந்தக் கோட்டைத் தைச்சதே நான்தான். உள்ள உடம்பு இருக்கா வலை இருக்கான்னு தோள்பட்டையைப் பாத்தா எனக்குத் தெரியாதா? உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பாருங்க, அந்த வெக்கத்துலயும் எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது. விடாம பிடிச்சுக்கிட்டேன்.

"அப்போ எனக்கு வியாதி இல்லைன்னு நீயே ஒத்துக்கிட்டே. துணைக்கு ஆளும் வேண்டாம். இவனை வீட்டுக்கு அனுப்பிடு."

"அவன் உங்களுக்குத் துணையா வரலைங்க. நீங்கதான் படுத்துத் தூங்கிடறீங்களே, அந்தக் கேமராவைப் பாத்துக்க ஒரு ஆள் வேண்டாமா?"