ஏழு வாளி மன்னன்

மந்தின்,
வெள்ளிக்கிழமை.

சி ரூசாவில் வாழும் என் மரியாதைக்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு,

அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை குமுதவல்லியும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மானம்தான் சுகமாக இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் தங்கை எட்டிப் பார்ப்பாள். அதனால் என் மகன் வசந்தனிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தோட்டக் குடியிருப்பில் மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் இல்லை, லோரியில்தான் வருகிறது. விடியும்போதே வாளியை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். ஆளுக்குப் பதில் வாளி நிற்கும். காலங்காலமாக உள்ள வழக்கம். இதைப் போய் பக்கத்து வீட்டு தேவதாஸ் மகன் டேரன் எங்கள் சங்கக் குடும்ப தினத்தில் நாடகமாகப் போட்டுவிட்டான். அதுவும் எலிசபெத் ராணி காலத்து வெள்ளைக்காரப் பாணியாம்! கழுத்தில் இடியாப்பத் தட்டு மாதிரி காகித வளையம், காலில் பந்து விளையாடும் காலுறை, வாயைத் திறந்தால் செய்யுள். மன்னன் லோரி முன் மண்டியிட்டுப் பாடுகிறான்:

தோழனே லோரியே, துயர்தீர்க்க வந்தாயோ!
ஏழு வாளி முன்வைத்தேன், எனக்கெவன் ஈடாவான்?
வாழும் குடியெல்லாம் வறண்ட தொண்டையோடு நிற்க
ஆழ நிரப்புவேன் என் அண்டா குண்டா அனைத்தும்!

மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது உங்கள் தங்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "டேய், ஏழு இல்லடா, நாலுதான்!" என்று கத்திவிட்டேன். அதுவரை மன்னன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது மச்சான்! எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். "அங்கிள், மன்னனுக்கு நான் பேரே வைக்கல லா," என்கிறான் அந்தப் பயல், பச்சைப்பிள்ளை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத் தேர்தல். பதினோரு வருடத் தலைவர் நான்; இன்று மளிகைக் கடைக்காரி பஞ்சாலைகூட, "வாங்க மன்னா, வாளி வேணுமா?" என்கிறாள். நீங்கள் சங்கத்தின் ஆலோசகர். "என் தங்கை வீட்டில் நான்கு வாளிகளுக்கு மேல் கிடையாது" என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் தந்தால் என் தலை நிமிரும். பொய் சொல்லிப் பதவி வாங்கும் பழக்கம் என் பரம்பரைக்கே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மனம் நொந்த
அமிர்தலிங்கம்

பி.கு.: வசந்தன் காரில் கொண்டுவரும் மூன்று வாளிகளை ஞாயிறுவரை உங்கள் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கவும். திங்கள் காலை லோரி வருகிறது, அதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.