மூன்று டம்ளர்களும் ஒன்பதாம் பதிப்பும்

கணினித் திரையில் காலை பத்து மணிக்கு முப்பத்து நான்கு சதவீதத்தில் நின்ற நீலக் கோடு, பதினொரு மணிக்கும் அங்கேயே நின்றது.

"இன்னும் வரலையா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துட்டே இருக்கு" என்றார் டிங்டாங்.

டிங்டாங் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஆறு மாதமாக அவர் அறை ஜன்னல் வழியாக வேறு எந்தச் சத்தமும் வெளியே போனதில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கிற மூன்று தட்டு மணியோசையை அமைத்துத் தரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதுவரை அங்கே இருந்தது ஒரு பஸ்ஸர். உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களைத் தூக்கிவாரிப் போடும். அதை ஓட்டிவிட்டுத் தன் மூன்று சுரங்களை அங்கே குடியேற்றப் போகிறோம் என்ற பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் கணினியில் இருந்த இசை மென்பொருளின் எட்டாம் பதிப்பில் ஒரு மணிகூட அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று சைக்கிள் போல இருந்தது, இன்னொன்று பள்ளிக்கூடம் விட்டது போல இருந்தது. ஒன்பதாம் பதிப்பில் அசல் வெண்கல மணி வருகிறது என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து, அது வரும்வரை பேருந்து நிலையத்தில் தானும் மனைவியும் கால் வைப்பதில்லை என்று காத்திருந்தார். இடையில் மாதிரி கேட்டார்களே என்று, ஐந்து மாதத்துக்கு முன், கல்யாணச் சீராக வந்த மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, மனைவியைக் கரண்டியால் தட்டச் சொல்லி, பதிவு செய்து அனுப்பினார். "கிடைத்தது. சரி" என்று நிலைய அதிகாரி ஒரு வரி எழுதினார். அதோடு பேச்சில்லை. அந்த டம்ளரை நினைத்தாலே இவருக்கு உடம்பு கூசியது.

இன்றைக்கு ஒன்பதாம் பதிப்பு வெளியாகிவிட்டது. இன்றைக்கே மாமனாரும் வருகிறார்.

மாமனார் ஐம்பது வருடம் பாத்திரக்கடை நடத்தியவர். எந்தப் பாத்திரத்தையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, எடை, தரம், எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார். மாப்பிள்ளையையும் கல்யாணத்தன்றே மனத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டார். அப்புறம் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தலையாட்டறது ஒரு வேலையா?" என்று ஒருமுறை கேட்டது டிங்டாங்குக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் போன வாரம் போனில் வாயை விட்டுவிட்டார்: "மாமா, நீங்க அஞ்சு மணி பஸ்ல இறங்கும்போது என்னோட சத்தம்தான் உங்களை வரவேற்கும்!"

"மூணு தட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய அப்டேட்?" மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த டம்ளரையே அனுப்பிடலாமே. ரெண்டாவதுல ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டுத் தட்டினேன் பாருங்க, அப்புறம்தான் சரியா நின்னுச்சு."

"அது மாதிரி. இது இசை" என்றார்.

"சரி, இசை" என்று அவள் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு, இடம் போதவில்லை என்று திரை சொன்னது. எட்டாம் பதிப்பைத் துணிந்து அழித்தார். கோடு விறுவிறுவென்று ஓடித் தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. அரைமணி நேரம் பொறுத்தவர், உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார்" என்றது ஒரு குரல்.

அணைத்துப் போட்டார். பூஜ்யம்.

"சார், முதல்லேருந்து வருதே!"

"ஆமா சார், அணைச்சா அப்படித்தான் வரும்."

இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மணி இரண்டு. மாடி வீட்டு வக்கீலிடம் வேகமான இணைப்பு இருந்தது. டிங்டாங் மாடியேறிக் கடவுச்சொல் கேட்டார்.

"தரேன். ஆனா உங்க சத்தம் இருக்கே, தாங்கலை சார்" என்றார் வக்கீல். "வீட்லதான்னு இல்லை, எங்க போனாலும் காதுல அதுதான் கேக்குது."

சொன்னதை விழுங்கிக்கொண்டு கடவுச்சொல்லை வாங்கிவந்தார். வக்கீலின் இணைப்பு மாடிப்படியின் ஏழாவது படிவரைதான் எட்டியது. கணினி, திரை, ஒலிபெருக்கி, எல்லாம் ஒவ்வொன்றாகப் படியேறின. மின்சாரத்துக்கு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி நீள வயர் இழுத்தார். காய்கறிப் பையோடு வந்த வக்கீலின் மனைவி ஏற வழியில்லாமல் கீழேயே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் நகருங்களேன்."

"எண்பத்தெட்டு சதவீதம்மா. இப்ப நகர்ந்தா போயிடும்."

நாலு மணிக்கு ஒன்பதாம் பதிப்பு முழுசாக வந்து இறங்கியது. டிங்டாங் கையெடுத்துக் கும்பிடாத குறை. வெண்கல மணியைத் தேடிப் பிடித்து, விரலால் அழுத்தினார். திரையில் மணி அழகாக ஆடியது. சத்தம்தான் வரவில்லை. அவருடைய பழைய ஒலி அட்டையோடு ஒன்பதாம் பதிப்பு பேசாதாம். அதற்கொரு அப்டேட் அடுத்த மாதம் வருமாம்.

அவகாசம் கேட்க நிலைய அதிகாரிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மணி ஐந்தானது.

"அப்பா பஸ்ஸு வந்திருக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கும் முகம் விழுந்துவிட்டது. அப்பாவிடம் புருஷனை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. "நான் சொல்லிக்கறேன். உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு."

"வேண்டாம். நானே சொல்றேன்."

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தாலே பத்து நிமிடம். ஐந்தரை ஆயிற்று, ஆறும் ஆயிற்று. கோபத்தில் திரும்பிப் போய்விட்டாரோ என்று டிங்டாங் படியிலிருந்தே தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். ஆறேகாலுக்குக் கையில் பையோடு மாமனார் வாசலில் நின்றார். படியில் சிக்கிக் கிடந்த வயர்களையும், நடுவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும், கீழே காய்கறிப் பைமேல் உட்கார்ந்திருந்த வக்கீல் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டிங்டாங் பின்னாலேயே போனார். ஆறு மாதப் பெருமையும் வடிந்திருந்தது.

"மாமா, மன்னிச்சுக்குங்க. ஜம்பமா சொல்லிட்டேன். என்னால முடியலை. என் சத்தத்தைப் போடவே இல்லை."

மாமனார் காது கொடுத்த மாதிரியே தெரியவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், தட்டு ஸ்டாண்டில் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்து ஒவ்வொன்றாக முட்டியால் தட்டினார். மூன்றாவதைத் தட்டியதும், மருமகன் வாழ்நாளில் பார்த்திராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"போடலையா? நாலு மாசமா பஸ் ஸ்டாண்டுல அடிக்கறது என் கடை டம்ளர், அடிக்க வச்சது என் மாப்பிள்ளைன்னு அங்க ஒவ்வொருத்தரா நிறுத்திச் சொல்லிட்டு வரத்தானே இவ்வளவு நேரமாச்சு!"