குருதி நெருக்கடிப் படலம்

வாழ்க வாழ்க! ஒட்டுவதில் ஓய்வறியா விரலான், விசைப்பலகை தேய்த்த வீரத் தழும்பினன், இறுதியாண்டு மாணவர் குலக்கொழுந்து, தோழர்களால் 'வெட்டி ஒட்டி' என்று விருதுப் பெயர் சூட்டப்பெற்ற திருமகன் வாழ்க! அவன் போர் பாடச் சொல்லுக்கரசியே, என் நாவில் வந்து அமர்க. இடம் போதவில்லையேல் நின்றாவது அருள்க!

ரத்த அழுத்தம் பற்றிய ஆய்வறிக்கை அது. அளவெடுத்ததெல்லாம் அவனும், அவனோடு இரட்டையாய்ப் பிறந்து அதே வகுப்பில் படிக்கும் தங்கையும்தான். ஆனால் அவன் எழுதிய முன்னுரை மட்டும் ஒரு பேராசிரியரின் நூலிலிருந்து அப்படியே நடந்து வந்திருந்தது. எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் கணினி நிரல் அதைக் கண்டதும் திரையெங்கும் சிவப்புப் பூசியது. ஐந்து மணிக்குள் அறிக்கை அந்தச் சோதனையில் தேறாவிட்டால் இருவரும் இன்னோர் ஆண்டு அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

"எழுதினவர் பேரைப் போட்டுடேன்டா, வேலை முடிஞ்சுது!" என்றாள் தங்கை.

துடித்தது மீசை, முளைத்திருந்த மட்டும். "நம்ம அறிக்கையில அடுத்தவன் பேரா? உயிரே போனாலும் நடக்காது!" என்று சூளுரைத்து, கணினி அறை அதிர நாற்காலியை இழுத்துப் போட்டு, சொல் மாற்றித் தரும் இலவச இணையதளம் என்னும் படைக்கலக் கொட்டிலைத் திறந்து, எதிர்ப்பட்ட சொல்லையெல்லாம் வெட்டிச் சாய்த்தானே, அடடா, அதை என்னவென்று சொல்வேன்! ரத்த அழுத்தம் வீழ்ந்து குருதி நெருக்கடி எழுந்தது. இதயத் துடிப்பு மாய்ந்து நெஞ்சகப் பதைபதைப்பு பிறந்தது. சிறுநீரகமோ, பாவம், சின்னத் தண்ணீர் மாளிகை ஆயிற்று. தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

வாயாலேயே வெற்றிச் சங்கு ஊதிப் பொத்தானை அழுத்தினான். ஐயகோ! திரை முன்னிலும் சிவந்தது. சென்ற ஆண்டே வேறொரு மாவீரன் அதே நூலை எடுத்து, அதே தளத்தில் புகுத்தி, அதே குருதி நெருக்கடியையும் அதே சின்னத் தண்ணீர் மாளிகையையும் தன் பெயரில் ஒப்படைத்து மாட்டியிருந்தான். நிரல் அதை மறக்கவில்லை.

"டேய், திருட்டைக்கூட நீ சொந்தமா பண்ணலையேடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் தங்கை. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணில் பட்டது, மணி நாலேமுக்கால்.

அப்போது அந்த அடலேறு, அந்த அஞ்சாநெஞ்சன், சூளுரை துறந்து, மீசை தளர்ந்து, மாளிகையை மீண்டும் சிறுநீரகமாக்கி, விசைப்பலகை நோக்கிக் குனிந்து, மேற்கோள் குறி போட்டு, பேராசிரியர் பேரைக் கீழே எழுதினான்.

அதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.