டிபன் டப்பா மணி

புதுச்சேரி பாகூர் வட்டாரத்தில் எந்தக் கடையில் காலி அட்டைப்பெட்டி விழுந்தாலும், அந்தச் சத்தம் முதலில் எங்கள் பள்ளி சயின்ஸ் வாத்தியாருக்குத்தான் கேட்கும். பேரே அட்டைப்பெட்டி சார். ரெஜிஸ்டரில் வேறு பெயர் இருந்ததாகச் சொல்வார்கள்.

அவர் வகுப்பில் பிள்ளைகள் முதலில் ஒரு ஆளைப் பிடித்து, "உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்கு ஒரு பொருள் செய்ய வேண்டும். அது மூன்று தடவையாவது சொதப்ப வேண்டும். முதல் தடவையே வேலை செய்தால், "கடையில வாங்கினியாடா?" என்பார்.

நான் தமிழ் வாத்தியார். கடைசி பெஞ்சுக்கு என் குரல் எட்டவில்லை என்றேன். அட்டையில் புனல் செய்து கொடுத்தார்கள். அதை வாயில் வைத்துச் செய்யுள் நடத்தினேன். பத்தே நிமிடத்தில், எடைக்குப் போடப் பழைய இரும்பு எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கேட்டில் நின்றார்கள்.

ஸ்டாஃப் ரூமில் அவரை யாரும் சேர்க்க மாட்டார்கள். பேனாவைக் கீழே வைத்தால் ஸ்பிரிங் அவர் புராஜெக்டுக்குப் போய்விடும். மத்தியானம் லேபில் தனியாகத்தான் சாப்பிடுவார். வீட்டிலும் தனி ஆள்.

ஒருநாள் எட்டாம் வகுப்பு கோமதியின் கூட்டம் ஸ்டாஃப் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, சரியாக என் தலைக்கு மேல் ஒரு மணியை மாட்டியது. லேபிலிருந்து ஜன்னல் வழியாக வயர்.

"இன்னாம்மா இது?"

"புராஜெக்ட் சார். எங்க சாரு எவர்சில்வர் டப்பாவ மேசையில வெச்சா கரெண்ட் பாஸாவும், இங்க மணி அடிக்கும். உங்க டப்பாவ எடுத்துக்கினு நீங்க அங்க போவணும்."

"இதுல யாருக்கு கஷ்டம்?"

"அவருக்குத்தான். கேட்டா இல்லன்றாரு. தெனம் பாக்குறமே சார்."

"நான் ஏம்மா?"

"நீங்கதான் சார் சும்மா இருக்கீங்க."

முதல் நாள் மணி அடிக்கவில்லை. போய்ப் பார்த்தால், மனிதர் பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். எவர்சில்வர் டப்பா சூரிய அடுப்பாகிவிட்டதாம். இரண்டாம் நாள் புது எவர்சில்வர் டப்பா; அதை எடுத்த பிறகும் மணி நிற்கவில்லை. ஸ்கூல் விட்டாயிற்று என்று ஹெட்மாஸ்டர் வண்டியை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் வயரை எலி கடித்திருந்தது.

"மூணு தடவ ஆச்சுபா, இனி ஓடும்" என்று அட்டைப்பெட்டி சார் புளிசாதத்தை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த மணி அடித்தால்தான் எனக்குப் பசித்தது.

இந்த ஜூனில் அவரை ஆந்திராப் பக்கம் இருக்கும் ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் கட்ட அட்டைப்பெட்டி சாரிடம் ஒரு அட்டைப்பெட்டிகூட மிஞ்சவில்லை.

நேற்று மத்தியானம் லேபைத் திறந்து, அவர் மேசையில் என் எவர்சில்வர் டப்பாவை வைத்தேன். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் ஸ்டாஃப் ரூமில் மணி அடித்தது. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அடிக்க விட்டேன். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்த மணிக்கு எழுந்து போகிற ஆள் நான்தானே.