பீல் அணிக்கு நாலாயிரம் பார்வையாளர்

கிளமென்றின் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று மேற்கு லீக்கின் தலைவர் பாலேந்திரன் எழுதியது. பீல் கழகம் தங்களை விட்டுப் போகக்கூடாது என்றது. மற்றது கிழக்கு லீக்கின் தலைவர் ஜெகதீஸ்வரன் எழுதியது. பீல் கழகம் தங்களிடம் வந்தே ஆகவேண்டும் என்றது. இரண்டையும் வாசித்த பெர்னடெற் கணவனிடம் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது நீங்கள் செயலாளரா இருக்கிற அதே பீல் ரீம்தானோ?"

கேள்வியில் நியாயம் இருந்தது. சுவிஸின் பீல் நகரத்தில் இயங்கும் பீல் தமிழர் உதைபந்தாட்டக் கழகம் இரண்டு பருவங்களில் பதினெட்டுப் போட்டி விளையாடியிருந்தது. வெற்றி இல்லை. சமநிலையும் இல்லை. விட்ட கோல்கள் தொண்ணூற்று நான்கு. இந்த எண்ணிக்கை கிளமென்றின் கொப்பியில் சிவப்பு மையில் இருந்தது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஆணிகளைப் பூட்டுகிறவர் அவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார்.

ஆனால் அதே கொப்பியில் வேறொரு எண்ணிக்கையும் இருந்தது. சுவிஸ் தமிழ்க் கழகங்களின் போட்டிகளை சுபேசன் என்பவர் தன் இணையத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டிவந்தார். மற்ற அணிகள் விளையாடினால் நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள். அதில் பாதி விளையாடுகிறவர்களின் வீட்டார். பீல் விளையாடினால் மட்டும் நாலாயிரம் பேர். பெரும்பாலும் கனடா, லண்டன், நோர்வே. ஏன் என்று சுபேசனுக்கும் தெரியாது. பீல் கழகம் எந்த லீக்கில் இருக்கிறதோ அந்த லீக்குக்குத்தான் அடுத்த பருவத்தின் நேரலை உரிமைப் பணம் என்று மட்டும் அவர் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்துதான் இந்தக் கடிதங்கள்.

"தோக்கிற ரீமிலதான் சனத்துக்கு இரக்கம்" என்பது கிளமென்றின் விளக்கம்.

"நாலாயிரம் பேருக்கு இரக்கமோ? எங்கட சனத்துக்கோ?" என்றாள் பெர்னடெற்.

கிளமென்ற் ஒழுங்குமுறைப்படி யோசித்தார். கிழக்கு லீக்கில் ஊஸ்டர், எம்மன்புரூக்கே போன்ற பெரிய அணிகள் இருந்தன. ஜெகதீஸ்வரன் ஊஸ்டரிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் பேசி, புதுச் சீருடையும் பயணச் செலவும் தருவதாகச் சொல்லியிருந்தார். லீக்கை விட்டு விலகுவதென்றால் மூன்று மாதத்துக்கு முன்னர் பதிவுத்தபாலில் அறிவிக்கவேண்டும் என்பது மேற்கு லீக்கின் யாப்பு விதி. வீடு மாறுவதற்கும் காப்புறுதி மாற்றுவதற்கும் இந்த நாட்டில் அப்படித்தான் செய்கிறோம் என்பதால் கிளமென்ற் அதில் பிழை விடவில்லை. டிசம்பர் மாதத்திலேயே விலகல் கடிதத்தை அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் குத்திவைத்தார்.

கிழக்கு லீக்கின் சேர்ப்புக் கடிதம் ஜனவரியில் வந்தது. அதன் நான்காம் பந்தியை அவர் இரண்டு தரம் வாசித்தார். மார்ச் மாதத்தில் பீல் மைதானத்தில் மூன்று நட்புப் போட்டிகள் நடக்கும். மூன்றாவது போட்டியின் முடிவில், நேரலைப் பார்வையாளர் தொகை மூவாயிரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் சேர்ப்பு உறுதியாகும்.

நாலாயிரம் இருக்கும்போது மூவாயிரம் எந்த மூலைக்கு என்று கிளமென்ற் கவலைப்படவில்லை. அவருடைய கவலை வேறு. நகரசபை ஏதாவதொரு லீக்கில் பதிவான கழகத்துக்குத்தான் சனிக்கிழமை மைதானம் கொடுக்கும். சான்றுக் கடிதம், ஜேர்மனில் ஒன்று பிரெஞ்சில் ஒன்றாக, மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் அந்த நேரம், வரிசையில் காத்திருக்கும் தட்டு எறிந்து விளையாடும் குழுவுக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு மணித்தியாலம்தான் கழகம். அது போனால் மிஞ்சுவது கிளமென்றின் கோப்பு மட்டும்.

அடுத்ததாக அவருக்கு வெட்கம் வந்தது. நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஊஸ்டர் அணி வந்து பத்துக் கோல் போட்டால் கனடாவில் என்ன நினைப்பார்கள்?

கோலில் நின்றவர் துஷாந்தன். பொறியியல் படித்து மருத்துவக் கருவி செய்யும் இடமொன்றில் வேலை பார்ப்பவர். உயரம், நல்ல பழக்கம், நேரத்துக்கு வருவார். பந்து பிடிக்க மட்டும் தெரியாது. கோல் விழுந்தால் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, துடைத்து, அடித்தவனுக்குச் சிரித்துக்கொண்டு கொடுப்பார். பந்து எந்நேரமும் பீலின் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் சுபேசனும் கமராவைத் துஷாந்தனுக்குக் கிட்டவே நட்டுவிடுவார்.

தொழிற்சாலையில் கிளமென்றுக்குப் பக்கத்து மேசையில் அர்பென் என்ற கொசோவோ இளைஞன் இருந்தான். வேறொரு கழகத்தில் கோல் காப்பவன். நட்புப் போட்டிதானே என்று அவனைக் கேட்டார். அவன் உடனே சம்மதித்தான். துஷாந்தனிடம் எப்படிச் சொல்வது என்று கடிதமே எழுதி வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை.

"ஓம் அண்ணை, பிரச்சினை இல்லை" என்றார் துஷாந்தன். "எனக்கும் இந்தச் சனி பாரிசில ஒரு அலுவல் இருக்கு."

முதலாவது போட்டி ஊஸ்டருடன். அர்பென் பதினொரு பந்துகளைப் பிடித்தான். முடிவு பூச்சியத்துக்குப் பூச்சியம். இரண்டு வருடத்தில் பீல் தோற்காத முதல் நாள். வீரர்கள் அர்பெனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிளமென்ற் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுபேசனிடம் தொகையைக் கேட்டார்.

"இருநூற்றுப் பன்ரண்டு" என்றார் சுபேசன்.

"ஆயிரத்து இருநூற்றுப் பன்ரண்டோ?"

"இல்லை அண்ணை. வெறும் இருநூற்றுப் பன்ரண்டு. தொடங்கி அஞ்சு நிமிசத்தில எல்லாரும் இறங்கீற்றினம்."

படம் சரியில்லை என்று கிளமென்ற் முடிவெடுத்தார். கமரா ஒரே இடத்தில் நின்றால் யாருக்குத்தான் அலுக்காது? இரண்டாவது போட்டிக்குக் கமராவை நடு மைதானத்துக்கு மாற்றச் சொன்னார். இரண்டு கோலும் தெரியவேண்டும், துல்லியமாகத் தெரியவேண்டும். அத்தோடு விடவில்லை. விளம்பரம் போதாது என்று, தன்னிடமிருந்த எல்லா உறவினருக்கும் கழகத்தின் எல்லாத் தொடர்பு எண்களுக்கும் ஓர் அறிவித்தல் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாள், நேரம், இணைப்பு, எதிரணி எல்லாம் இலக்கமிட்டு எழுதினார். ஐந்தாவதாக, "எமது புதிய கோல்காப்பாளர் அர்பென் தொடர்ந்து நிற்பார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்" என்று எழுதி, அர்பெனின் படத்தையும் இணைத்தார்.

எம்மன்புரூக்கேயைப் பீல் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது.

பார்த்தவர்கள் தொண்ணூற்றாறு பேர்.

கிளமென்ற் அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கொப்பியை விரித்தார். தோற்றபோது நாலாயிரம். சமநிலை வந்தபோது இருநூற்றுச் சொச்சம். வென்றபோது நூறுகூட இல்லை. இந்த வேகத்தில் கிண்ணம் எடுத்தால் சுபேசனும் பார்க்கமாட்டார்.

"தொண்ணூற்றாறில நானும் ஒண்டு" என்று பெர்னடெற் ஞாபகப்படுத்தினாள். "தவக்காலத்தில ஒரு ஒறுத்தல் எண்டு நினைச்சுப் பாத்தனான்."

திங்கட்கிழமை கிழக்கு லீக்கிலிருந்து பதிவுத்தபால் வந்தது. நான்காம் பந்தியை நினைவூட்டினார்கள். கிளமென்ற் பாலேந்திரனைத் தொலைபேசியில் அழைத்து, டிசம்பரில் எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். பாலேந்திரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேசித் தணித்திருக்கலாம். பீலின் இடம் வேறொரு கழகத்துக்குக் கொடுக்கப்பட்டு, அட்டவணையும் அச்சாகிவிட்டது என்றார்.

"நீங்கள் எழுதின கடிதத்தில ஒரு குறையும் இல்லை, கிளமென்ற். அவ்வளவு வடிவா ஆரும் எங்களிட்டயிருந்து விலகினது கிடையாது" என்றும் சொன்னார்.

ஆகவே மேற்கில் இடமில்லை, கிழக்கில் வாசல்படி. மைதானம் கிடைப்பதும் கிடைக்காததும் மார்ச் இருபத்தெட்டாம் திகதி நடக்கும் மூன்றாவது போட்டியில் தங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அர்பென் அவருடைய மேசைக்கு வந்து, தன் சொந்தக் கழகம் விஷயத்தை அறிந்துவிட்டதாகவும் இனி வேறு அணிக்கு விளையாடினால் தன்னை நீக்கிவிடுவார்கள் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். கிளமென்றின் கையிலிருந்த ஆணி கீழே விழுந்தது. அன்று முழுக்க அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேறு வழியில்லாமல் துஷாந்தனை அழைத்தார். அவர் அப்போதும் பாரிசில்தான் நின்றார். முதல் ரயிலில் நேரே மைதானத்துக்கு வருவதாகச் சொன்னார். முகம் சுளித்ததாகக் குரலில்கூடத் தெரியவில்லை.

அறிவித்தல் அனுப்பிய அனைவருக்கும் திருத்தம் அனுப்புவது செயலாளரின் கடமை என்று கிளமென்ற் நம்பினார். இரண்டு தரம் எழுதி வெட்டிய பின் இப்படி அனுப்பினார்: "தவிர்க்க முடியாத காரணத்தால் நாளைய போட்டியில் பழைய கோல்காப்பாளர் துஷாந்தனே நிற்பார். இதனால் ஏற்படக்கூடிய மனவருத்தத்துக்கு வருந்துகிறோம். பார்க்க விரும்பாதவர்களின் நிலையைப் புரிந்துகொள்கிறோம்."

அதை வாசித்துவிட்டுப் பெர்னடெற் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இப்பிடி விளம்பரம் செய்தால் சாமானே விக்காது. ரீமோ பாக்கப்போகினம்?"

சனிக்கிழமை ஜெகதீஸ்வரனே ஒப்பந்தத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு பீலுக்கு வந்துவிட்டார். கையெழுத்து வைக்க வந்தாரா கிழிக்க வந்தாரா என்று தெரியவில்லை. ஊஸ்டர்தான் மறுபடியும் எதிரணி. பத்தாவது நிமிடத்தில் முதல் கோல். துஷாந்தன் பந்தை எடுத்து, துடைத்து, சிரித்துக்கொண்டு கொடுத்தார். பந்து பீலின் பக்கத்தை விட்டு நகராததால் சுபேசன் நடு மைதானத்திலிருந்த கமராவைக் கழற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார். இடைவேளைக்குள் ஐந்து கோல். கிளமென்ற் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சந்தோஷமாகத் தட்டு எறியும் மனிதர்கள் அவர் கண்ணுக்குள் ஓடித் திரிந்தார்கள்.

போட்டி ஒன்பதுக்குப் பூச்சியத்தில் முடிந்தது. சுபேசன் தொலைபேசியை நீட்டியபடி ஓடிவந்தார்.

"அண்ணை, ஐயாயிரத்து முந்நூறு. எங்கட ரீவி தொடங்கினதுக்கு இவ்வளவு வரேல்லை."

கிளமென்ற் தொலைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்ணைத் தானே ஒரு தரம் வாசித்தார்.

ஜெகதீஸ்வரன் ஒப்பந்தத்தை விரித்தார். மூன்று பருவம். ஒவ்வொரு போட்டிக்கும் மூவாயிரம் பார்வையாளர். இரண்டு போட்டி தொடர்ந்து குறைந்தால் லீக் கழகத்தை நீக்கலாம். கழகம் மூன்று வருடத்துக்கு வேறு எந்த லீக்கிலும் சேர முடியாது.

"ஐசே, இந்தக் கோல்காப்பாளர் உங்களுக்கு ராசி" என்றார் ஜெகதீஸ்வரன். "இவரை மட்டும் மாத்தாதையும்."

அதை ஒரு நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளலாம் என்று கிளமென்ற் சொன்னார். துஷாந்தனைக் கூப்பிட்டு, மூன்று பருவமும் நிற்பாரா என்று சாட்சிகளுக்கு முன்னால் கேட்டார். நிற்பதாக அவர் சொன்னார். அதன் பின்னரே கிளமென்ற் நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டு, நகரசபைக்குரிய சான்றையும் இரண்டு மொழியில் வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைக்கு முன்னர் போய்விடும். மைதானம் தப்பியது.

துஷாந்தன் குளித்து உடை மாற்றிக்கொண்டு ஓர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். முதலில் கிளமென்றுக்கு நீட்டினார்.

"அண்ணை, மூண்டு கிழமையா இதுக்குத்தான் பாரிசுக்குப் போய்வந்தனான். நேற்று எல்லாம் முற்றாகீற்றுது. ஆவணியில கலியாணம்."

கிளமென்றுக்கு மனம் நிறைந்துபோனது. துஷாந்தனின் தோளைத் தட்டி, இந்த நல்ல செய்தியை அடுத்த நேரலையின் முதல் அறிவித்தலாகச் சொல்லவேண்டும் என்று சுபேசனிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். வாயில் போட்ட லட்டை விழுங்குவதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. நேற்றைய திருத்தம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்திருந்ததால் பழக்கமில்லாத எண்ணொன்று. எடுத்தார். வயதான ஒரு பெண்ணின் குரல்.

"தம்பி, நான் ரொறன்ரோவிலயிருந்து கதைக்கிறன், ரெண்டு வருசமா இவ்வளவு கோல் விட்டும் ஒருத்தரோடயும் கோவிக்காத பிள்ளை எண்டு எங்கட கலியாணக் குறூப்பில இருக்கிற தாய் தேப்பன் எல்லாரும் அவரை மட்டும்தான் பாத்துக்கொண்டிருக்கிறம், அந்தக் கோல்காப்பாளற்ற சாதகத்தை ஒருக்கா அனுப்பிவிடுவியளோ?"