அக்கா போட்டுக்கொண்ட காப்பர் டி

"நீங்க போட்டிருக்கீங்களாக்கா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

ஆயத்த ஆடை ஆலையின் மருத்துவ அறையில் குடும்பநல ஆலோசகியாகச் சேர்ந்ததிலிருந்து, அவள் காப்பர் டி பற்றிப் பேசாத நாள் இல்லை. கருப்பைக்குள் ஒருமுறை வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கவலை இல்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று தொண்டை வறளச் சொல்வாள். தையல் பிரிவின் இளம்பெண்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்கள். பிறகு எழுந்து போய்விடுவார்கள். ஆலையில் மின்விசிறி ஒழுங்காகச் சுழலும் அறை அது ஒன்றுதான்.

"இந்த மாசமும் ஒருத்தியும் போட்டுக்க வரலேன்னா, அட்டைப்பெட்டி அடுக்க இந்த ரூமைக் கேக்கறாங்க. நீயும் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே ஆலோசகி கண்ணை இமைக்காமல் சொன்னாள். "பின்னே? போடாமலா உங்களுக்குச் சொல்றேன்?"

உண்மையில் அவளுக்கு அதற்கு அவசியமே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளும் கணவனும் ஒரு குழந்தைக்காகத் தவம் கிடந்தார்கள்.

கேள்வி கேட்டவள் பித்தான் தைக்கிறவள். ஆலையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ.

"கைத்தோலுக்கு அடியில வைக்கிறாங்களே, அந்தக் குச்சியாக்கா? தொட்டுப் பாக்கட்டுமா?"

"இல்லல்ல, காப்பர் டி." தொட்டுப் பார்க்க முடியாததாகப் பார்த்துச் சொன்ன தன் சாமர்த்தியத்தை ஆலோசகி தானே மெச்சிக்கொண்டாள்.

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"உள்ள துருப்பிடிக்குமாமே?"

"நான் என்ன ஜன்னல் கம்பியா, துருப்பிடிக்க?"

"நெஞ்சுக்கு ஏறிடும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க."

"உங்க நாத்தனார் எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்க?"

அறை சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு வழக்கம்போல் எழுந்து போனது.

அடுத்த வாரம், "நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு இது..." என்று ஆரம்பித்த ஆலோசகி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள்.

"பித்தம்" என்றாள் திரும்பி வந்து.

மறுநாளும் பித்தம். அதற்கடுத்த நாளும்.

இஸ்திரிப் பிரிவுக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கும் இந்தப் பித்தம் ஒருதடவை வந்துச்சுக்கா. இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான்."

ரேடியோ மார்பில் கை வைத்தாள். "அய்யய்யோ! அந்த நூத்துல மிச்சம் ஒருத்தி நீங்கதானா?"

சாயங்கால மணி அடிப்பதற்குள், சொல்லிக்கொடுக்கிற அக்காவுக்கே காப்பர் டி கைவிரித்துவிட்டது என்று ஆலை முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது.

வீட்டில் கணவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவாகப் போகிறவனுக்கு உலகத்தில் வேறென்ன கவலை?

"ஏன் அழறே? எடுத்துட்டேன்னு சொல்லிடு."

"போடவே இல்லையேங்க!"

"அப்ப எடுக்கறது இன்னும் சுலபம்."

இவ்வளவு அறிவுள்ளவனுக்கு அலுவலகத்தில் ஏன் பதவி உயர்வு தரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வேறு வழி தோன்றாததால் மறுநாள் அதையே சொன்னாள்.

"அதை நான் முன்னாடியே எடுத்துட்டேன்டி, அன்னிக்குச் சொல்லல. எடுத்தப்புறம்தான் இது."

"எடுத்துட்டீங்களா?" ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன்? என்ன பண்ணுச்சு உங்களை?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாததை யாராவது எடுப்பாங்களா? சிக்கிக்கிச்சா? மறைக்காதீங்கக்கா."

"குழந்தை வேணும்னு தோணுச்சு, எடுத்தேன்!"

"எடுத்து எத்தனை நாள்ல கரு தங்குச்சு?"

"மறுமாசமே! போதுமா?" என்று எரிந்து விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரம் இன்னும் பாக்கி இருந்தது, மின்விசிறியும் நன்றாகத்தான் சுழன்றது. அப்படியும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ரேடியோகூட அடுத்த கேள்வி கேட்காமல் அவர்கள் பின்னாலேயே போனாள்.

பொய் சொல்லிக் காப்பாற்றிய வேலை இவ்வளவுதான். அட்டைப்பெட்டி வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டு மரியாதையாகக் கிளம்புவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை மருத்துவ அறை வாசலிலிருந்து மாடிப்படி வரை ஒரே பெண்கள் கூட்டம். டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார். விரட்ட வந்திருக்கிறார்கள், அதுவும் கும்பலாக. ஆலோசகி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்று கைகூப்பினாள். "நான் உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்க்கா, வரிசை கலைஞ்சிடும்."

சொன்னவள், முன்னால் நின்ற நூல் வெட்டும் பெண். புதிதாகக் கல்யாணமானவள். இத்தனை கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காதவள்.

"முதல்ல எனக்குப் போடச் சொல்லுங்க. வலி, துரு எல்லாம் சும்மா கேட்டது. அது வேலை செய்யாதோன்னு எங்களுக்கு என்னிக்குமே பயம் இல்லக்கா. எடுத்தப்புறமும் வேலை செஞ்சுக்கிட்டே இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம்!"